6 மீட்டர் மண் அணைக்கு ‘அதிக ஆபத்து’ வகையா?

கேள்வி:
தனியார் மண் அணை. கரை உயரம் 6 மீட்டர், நிறைந்தால் 60,000 கன மீட்டர். இதுவரை ‘குறைந்த ஆபத்து’ வகை. இப்போது ‘அதிக ஆபத்து’ என்று மாற்றிவிட்டார்கள். கரையில் விரிசலோ சரிவோ இல்லை. கரையைப் பலப்படுத்தினால் பழைய வகைக்குத் திரும்புமா?

பதில் 1:
திரும்பாது. இந்த வகை கரையின் நிலைக்கான மதிப்பெண் அல்ல. கரை உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதை வைத்துத் தருவது. உயிர் போகும் என்று தெரிந்தால் ‘அதிகம்’. சாலை, சொத்து மட்டும் என்றால் ‘நடுத்தரம்’. சேதம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றால் ‘குறைவு’. அணை அப்படியே இருக்க, ஓடையோரம் புதிதாக வீடு ஒன்று வந்தாலே வகை ஏறிவிடும்.

சின்ன அணைதானே என்று நினைக்க வேண்டாம். அணை உடைப்பை ஆராய்ந்த ஃப்ரோலிக் 1995இல் தந்த சூத்திரத்தில் (0.607 × கொள்ளளவின் 0.295 அடுக்கு × நீர் உயரத்தின் 1.24 அடுக்கு) உங்கள் எண்களைப் போட்டால், கரை உடையும்போது பாயும் உச்ச வெள்ளம் வினாடிக்கு ஏறக்குறைய 144 கன மீட்டர். ஓடை தாங்குமா, பாருங்கள்.

பதில் 2:
ஹவாயில் கவாயி தீவின் கா லோகோவும் தனியார் மண் அணைதான், ‘குறைந்த ஆபத்து’ என்றே பதிவாகியிருந்தது. 2006 மார்ச் 14 அன்று உடைந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதனால் மறுவகைப்பாட்டைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளப் பரவல் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மழையில்லா நாளில் உடைந்தால், பெருவெள்ளத்தில் உடைந்தால் என இரண்டு கணக்கும் அதில் இருக்க வேண்டும். முழு நீர்மட்டத்தை நிரந்தரமாகக் குறைத்து மறுகணக்குக் கேட்கலாம். வகை இறங்க அது ஒரு வழி.

கேள்வி கேட்டவர்:
சரி. செலவு எங்கே விழும்?

பதில் 3:
முதலில் கலிங்கில், அதாவது உபரி நீர் வெளியேறும் வழியில். வகை ஏறினால் அது கடத்த வேண்டிய வெள்ளமும் ஏறும். போதாவிட்டால் நீர் கரையின் முகட்டைத் தாண்டும். மண்கரை அதைத் தாங்காது.

அடுத்தது மதகுக் குழாய். நெளிதகட்டு இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், கரை மண் குழாய்க்குள் உதிர்ந்து மேலே குழி தெரியும். குழாயைச் சுற்றிப் பழைய முறையில் போட்ட கான்கிரீட் வளையங்களை நம்பாதீர்கள். அவற்றை ஒட்டி மண்ணைச் சரியாக இறுக்க முடியாது, நீர் அந்த வழியாகவே போகும். வெளிச்சரிவுப் பக்கம் களிமண் கலக்காத மணலால் வடிகட்டி வைப்பதே சரி.

அடிவாரக் கசிவை 90 பாகை ‘வி’ வெட்டுப் பலகையில் (‘V’ வடிவ வெட்டு வழியே நீர் வழியும் தடுப்புப் பலகை) அளந்து எழுதி வையுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் 5 செ.மீ. நீர் நின்றால் வினாடிக்குச் சுமார் 0.8 லிட்டர். நீர்மட்டம் ஏறாமலே அளவு கூடினாலும், கசிவு கலங்கலாக வந்தாலும் உள்ளே மண் அரிக்கிறது. அப்போது அந்த வாயைக் களிமண்ணால் அடைக்கவே கூடாது, அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்க்கும். கசியும் இடத்தின் மேல் மணலும் அதன்மேல் சரளையும் கொட்டுங்கள், கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு நீரை இறக்குங்கள். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள், நீர்ப்பக்க உட்சரிவு வழுக்கும். கலங்கல் கண்ட நாளில் அந்த வரம்பைப் பார்க்க நேரமில்லை.