பயிற்சிக்குப் பிறகு பேராசிரியர்கள் மூடுலைத் திறப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: பாலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். வேலூருக்கு அருகில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு, என் பாடவேளைகளில் ஒன்றுகூடக் குறையாமல், இணையவழிக் கற்பித்தலுக்கான ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பும் என் தலையில் வந்து சேர்ந்தது. பாடங்களையும் வினாக்களையும் இணையத்தில் வைக்க உதவும் மூடுல் தளத்தைப் பழக்க, ஜூனில் கருத்தரங்கக் கூடத்தில் 2 நாள் பயிற்சி நடத்தினோம். ஏறத்தாழ 60 பேர் வந்தார்கள், சான்றிதழ் பெற்றார்கள், கலைந்தார்கள். பருவ இறுதியில் பார்த்தபோது பெரும்பாலான பாடப் பக்கங்களில் பாடத்திட்டமும் சில பிடிஎஃப் கோப்புகளும்தான் இருந்தன. வினாடி வினா அமைத்தவர்கள் 4 பேர். முதல்வர் இன்னொரு பயிற்சி வைக்கச் சொல்கிறார். மூத்த பேராசிரியர்களோ, "நாங்கள் நன்றாகத்தானே நடத்துகிறோம்" என்கிறார்கள். அது உண்மை என்பதால் எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி 1: கோட்டை அகழி

ஐயா, இன்னொரு பயிற்சியும் இதே முடிவைத்தான் தரும். மிஸ்ரா, கோலர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட டீபேக் என்னும் சட்டகத்தைப் பார்த்திருப்பீர்கள். பாடத்தைப் பற்றிய அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் நல்ல பயன்பாடு பிறக்கிறது என்பது அதன் சாரம். 60 பேரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி ஒரே பொத்தானைக் காட்டும்போது மூன்றாவது மட்டும் தனியே நிற்கிறது. தாவரவியல் ஆசிரியருக்குப் படத்தில் பாகங்களைக் குறிக்கச் செய்யும் வினா வேண்டும். உங்கள் இயற்பியலுக்கோ, ஒரே கணக்கில் மாணவருக்கு மாணவர் எண்களை மாற்றித் தரும் வினாவகை மூடுலிலேயே இருக்கிறது. பார்த்து எழுதும் தொல்லை பெருமளவு குறையும். ஒவ்வொருவரிடமும், "உங்கள் மாணவர்கள் வழக்கமாக எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள். கருவியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

மறுமொழி 2: யாப்பருங்கலம்

தாங்கள் குறிப்பிடும் மூத்த பேராசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். காட்பாடிப் பக்கம் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

20 ஆண்டுகளாக நான் சேர்த்த வினாத்தாள்கள் அனைத்தும் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. பயிற்சி நாளன்று அவற்றில் ஒன்றை ஒட்டியபோது, திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறியது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கென்று தனி இடம் உண்டு. இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. பயிற்றுநர் தம்பி, "மறுபடியும் தட்டச்சு செய்துவிடுங்கள் மேடம்" என்றார். கணினியை மூடிவிட்டு வந்தேன்.

பிறகு எங்கள் துறையின் ஆய்வு மாணவி ஒருத்தி எழுத்துரு மாற்றியைக் காட்டினாள், பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்99 விசைப்பலகையும் பழக்கினாள். ஒரே வாரத்தில் யாப்பிலக்கணத்துக்கு 180 வினாக்கள் சேர்ந்தன. இப்போது ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் 5 வினா வைக்கிறேன். மாமுன் நிரை (மாச்சீரை அடுத்து நிரையசை) வருவது வெண்டளை என்ற யாப்பு விதியை ஒப்பிக்கும் பிள்ளைகள், மாமுன் நேர் வந்த அடியையும் வெண்டளை என்றே குறித்திருந்தார்கள். வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லக் கேட்டுத் தலையாட்டிய எனக்கு, இத்தனை ஆண்டுகளாக இது தெரியாமலே போயிற்று. மறுநாள் வகுப்பை அந்த ஓரடியிலிருந்தே தொடங்கினேன். எனவே எங்கள் துறைக்கு வரும்போது மூடுலை விட்டுவிட்டு எழுத்துரு மாற்றியோடு வாருங்கள்.

மறுமொழி 3: குடியாத்தம் பேருந்து

சுருக்கமாக ஒன்று. குடியாத்தம், பேரணாம்பட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பேருந்தில் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். மூடுல் செயலியில் இணைப்பின்றி வினாக்களுக்கு விடையளிக்க முடியும். ஆனால் ஆசிரியர் வினா அமைப்பில் அந்த அனுமதியைத் தெரிவு செய்திருக்க வேண்டும். கைப்பேசியால் எடுத்த பக்கப் படங்களை அப்படியே ஏற்றாமல், கோப்பின் அளவைக் குறைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. முதல்வரிடம் பேசினேன். பயிற்சிக்குப் பதிலாக, புதன்கிழமைதோறும் எனக்கு 2 பாடவேளை விடுவிப்பு கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் துறைக்கு ஒருவர் வீதம் உடன் அமர்ந்து, அவர்களுடைய அடுத்த வாரப் பாடத்தில் ஒரே ஒரு வினாத்தொகுப்பை முடிப்பதாகத் திட்டம். கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்க்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளமில்லாத வேலையாக இது மாறிவிடுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது, அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். தொடக்கம் தமிழ்த் துறையில்தான். அம்மா, வானவில்லில் இருக்கும் கிரந்த எழுத்துகள் மாற்றியில் சரியாக வருகின்றனவா?

யாப்பருங்கலம்

மூல எழுத்துருவைச் சரியாகத் தெரிவு செய்தால் வருகின்றன, ஐயா. பாமினி என்ற இன்னொரு பழைய எழுத்துருவில் உள்ள கோப்பை வானவில் என்று கொடுத்துவிட்டால் எல்லாம் குழம்பும். 'ஸ்ரீ'யையும் மேற்கோள் குறிகளையும் மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.