அட்வெஞ்சர்லாக்: லேப்டாப்பில் திறக்கிறது, அம்மாவின் போனில் உள்ளே நுழைய முடியவில்லை

கேள்வி:
வணக்கம். பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு, டாக்கர் கம்போஸ் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக, அதாவது கன்டெய்னர்களாக, ஓடவைக்கும் கருவி) வழியாக அட்வெஞ்சர்லாக் நிறுவியிருக்கிறேன். பயணத் திட்டங்களை நம் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் செயலி அது. மே மாதம் வீட்டில் ஆறு பேரும் ஊட்டி போகிறோம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மலை ரயில், குன்னூரில் தங்கும் இடம், டிக்கெட் நகல் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எந்தெந்த நாளில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பது வேறு யாருடைய சர்வரிலும் இருக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பாடு.

லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்:8015 சரியாக வருகிறது. அம்மாவின் போனில் 192.168.1.20:8015 போட்டால் முகப்பு வருகிறது. கடவுச்சொல் கொடுத்ததும் 403 (அனுமதி இல்லை) என்ற பிழை. வேறு தளத்திலிருந்து படிவம் அனுப்பக் கூடாது என்கிறது. இரண்டு நாளாகப் போராடுகிறேன்.

பதில்:
என்வ் கோப்பில் (.env, அட்வெஞ்சர்லாக்கின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) ‘ஒரிஜின்’ என்ற வரியில் இன்னும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருக்கிறதா? லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தந்தக் கருவி. போனில் அது போனையே குறிக்கும். நீங்கள் வந்த முகவரியும் அங்கே எழுதியிருப்பதும் பொருந்தாததால் தடுக்கிறது. 192.168.1.20:8015 என்று மாற்றுங்கள். ரவுட்டரில் லேப்டாப்புக்கு அந்த ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் மாறிப்போகும்.

கேட்டவர்:
மாற்றி, கம்போஸ் ரீஸ்டார்ட் கொடுத்தேன். அதே 403.

பதில்:
ரீஸ்டார்ட் போதாது, அது பழைய அமைப்போடுதான் கன்டெய்னரை மறுபடி எழுப்பும். கம்போஸ் ‘அப் -டி’ (up -d) கொடுங்கள், புதிதாக உருவாக்கும். ‘டவுன் -வி’ (down -v) மட்டும் வேண்டவே வேண்டாம். தரவுத்தளம், படங்கள் எல்லாம் அவை சேமிக்கப்பட்டிருக்கும் வால்யூமோடு அழிந்துவிடும்.

கேட்டவர்:
உள்ளே போய்விட்டேன், அண்ணா! ஆனால் போனில் படங்கள் எல்லாம் வெற்றுக் கட்டமாகத் தெரிகின்றன. லேப்டாப்பில் தெரிகின்றன.

பதில்:
அதே நோய்தான், இடம் வேறு. படங்களைத் தருவது பின்பக்க சர்வர், போர்ட் 8016. ‘பப்ளிக் யூஆர்எல்’ வரியில் 192.168.1.20:8016 கொடுங்கள். ‘ஃப்ரன்ட்எண்ட் யூஆர்எல்’ 8015. ‘சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஒரிஜின்ஸ்’ (நம்பலாம் என்று சர்வருக்குச் சொல்லும் முகவரிகள்) வரியில் இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். ‘பப்ளிக் சர்வர் யூஆர்எல்’ என்று ஒன்று இருக்கும், பெயரைப் பார்த்து அதையும் மாற்றிவிடாதீர்கள். அது கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முகவரி.

இன்னொருவர்:
ஊட்டியிலிருந்து பார்க்க என்ன ஏற்பாடு? ரவுட்டரில் வேன் (WAN, வெளி இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் போர்ட் திறந்து பயனில்லை, இணைய நிறுவனத்தார் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். லேப்டாப்பிலும் போன்களிலும் டெயில்ஸ்கேல் (எங்கிருந்தாலும் நம் கருவிகளைத் தனி வலையமைப்பில் இணைக்கும் செயலி) போடுங்கள். லேப்டாப்புக்குக் கிடைக்கும் 100 என்று தொடங்கும் முகவரியையே மேலே மாற்றச் சொன்ன எல்லா வரியிலும் எழுதி, வீட்டிலும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு முகவரி வைத்துக்கொண்டால் மறுபடி 403தான்.

கேட்டவர்:
அப்படியே செய்தேன். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்தேன், படங்களும் வந்தன. ஆனால் லேப்டாப் மூடியைச் சாத்தினால் தொடர்பு போய்விடுகிறது.

பதில்:
உபுண்டுவின் லாகின்ட் அமைப்புக் கோப்பில் (logind.conf) ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ (மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற வரி) என்பதை ‘இக்னோர்’ ஆக்கிவிட்டு ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அப்புறம், மலைப் பாதையில் சிக்னலை நம்ப வேண்டாம். டிக்கெட்டையும் தங்கும் இடத்தின் எண்ணையும் அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
மூடிச் சாத்தி வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது, இன்னும் வருகிறது. அம்மா தன் போனிலேயே ‘தொட்டபெட்டா, ஸ்வெட்டர் மறக்காதே’ என்று சேர்த்திருக்கிறார். மிக்க நன்றி.