பிரிண்டர் சர்டிபிகேட் தொல்லை: உங்களுக்கு என்ன நடந்தது?

டோனர்வாசி:
சர்வீஸ்காரர் பேக்டரி ரீசெட் போட்டுவிட்டுப் போனார், அப்புறம்தான் ஆரம்பம். பிரவுசரில் பிரிண்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்தால் சர்டிபிகேட் (இது இந்த மெஷின்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்று) பற்றி எச்சரிக்கை. அது எப்போதும் வருவதுதான், செல்ஃப்-சைன்டு, அதாவது பிரிண்டர் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டது ஆச்சே. ஆனால் இந்தத் தடவை காலாவதி என்றது. விரித்துப் பார்த்தால் வழங்கிய நாள் 2000 ஜனவரி 1, முடிவது 2010-ல். மெஷினை வாங்கியதே 2019-ல்! உள்ளே கடிகார பேட்டரி செத்து, தேதி பின்னுக்குப் போய், அந்தத் தேதியிலேயே தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கொடுத்து நேரத்தைத் திருத்தி, புதிதாக ஒன்று உருவாக்கியதும் சரியாகிவிட்டது. அந்த மனிதர் தேதியை ஒரு பார்வை பார்த்திருக்கலாம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெங்குயின்தாசன்:
சரியாகிவிட்டதா? விண்டோஸ்காரர்களுக்கு ஆகியிருக்கும். எங்கள் ஆபீஸிலும் இப்படித்தான் புதிதாக உருவாக்கினார்கள், மறுநாள் காலை என் உபுண்டு லினக்ஸில் மட்டும் எல்லாம் வரிசையில் அப்படியே நின்றது. ஐபிபிஎஸ் (என்கிரிப்ட் செய்து பிரிண்ட் அனுப்பும் முறை) வழியாக அனுப்பினால் லினக்ஸின் பிரிண்ட் மென்பொருளான கப்ஸ் முதலில் பார்த்த சர்டிபிகேட்டை நினைவில் வைத்துக்கொள்ளும், ஆள் மாறினால் சில சமயம் பேசாது. கப்ஸின் எஸ்எஸ்எல் ஃபோல்டரில் பிரிண்டர் பெயரில் கிடந்த பழைய ஃபைலை அழித்த பிறகுதான் பேப்பர் நகர்ந்தது. அதுவரை பக்கத்து சீட்டுக்காரர் தன் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

சாவிக்கொத்து:
இரண்டு பேரும் செல்ஃப்-சைன்டை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? ஆபீஸ் சிஏவில் (சர்டிபிகேட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரும் அமைப்பு) வாங்கியதை நான் ஏற்றியபோது பிரிண்டர் 'பாஸ்வேர்டு தவறு' என்றே திருப்பித் திருப்பிச் சொன்னது. பாஸ்வேர்டு வெறும் 1234! சர்டிபிகேட் தயாரிக்கும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் 3, சர்டிபிகேட்டும் அதன் சாவியும் சேர்ந்த பி12 ஃபைலை ஏஇஎஸ் என்கிரிப்ஷனில் பூட்டுகிறது, பழைய பிரிண்டருக்கு அதைத் திறக்கத் தெரியாது. 'லெகஸி' ஆப்ஷன் போட்டு எடுத்ததும் ஏறியது.

நீங்களும் செய்யுங்கள். முதலில் நெட்வொர்க் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியில் பிரிண்டரின் ஐபி முகவரியை ரிசர்வ் பண்ணுங்கள், இல்லாவிட்டால் முகவரி மாறும்போதெல்லாம் மறுபடி எச்சரிக்கை வரும். சர்டிபிகேட் எந்தெந்தப் பெயருக்குச் செல்லும் என்று சொல்லும் எஸ்ஏஎன் பகுதியில் பிரிண்டரின் பெயர், ஐபி இரண்டையும் போடுங்கள். 2017-ல் வந்த குரோம் 58 முதல் காமன் நேம் என்ற பழைய பெயர்ப் பகுதியைப் பார்ப்பதே இல்லை, அதை மட்டும் நிரப்பிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிஏவின் ரூட் சர்டிபிகேட்டை குரூப் பாலிசி வழியாக எல்லா விண்டோஸ் கணினிக்கும் தள்ளிவிடுங்கள். பத்து வருஷம் என்று தாராளமாகவும் கொடுக்க வேண்டாம், 2019 ஜூலை 1-க்குப் பிறகு வழங்கியது 825 நாளைத் தாண்டினால் ஐபோனும் மேக்கும் ஏற்காது. அப்புறம் பழைய என்கிரிப்ஷன் முறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் அணைத்து...

டோனர்வாசி:
அண்ணே, எங்களிடம் இருப்பதே ஒரு பிரிண்டர்தான். அதற்கு ஒரு சிஏ நடத்தச் சொல்கிறீர்களா?