பில் டேட்டாவில் அப்ரியோரி: மெமரி நிரம்புகிறது, வரும் விதிகளும் உதவவில்லை

கேள்வி:
வணக்கம். மயிலாப்பூர் மளிகைக் கடை ஒன்றின் ஏப்ரல் முதல் மார்ச் வரையான பில்கள். 40,000 பில், 3,200 பொருள். எந்தப் பொருள்கள் சேர்ந்து வாங்கப்படுகின்றன என்ற விதிகளை எடுக்க, பைத்தானின் எம்எல்எக்ஸ்டெண்ட் லைப்ரரியில் உள்ள அப்ரியோரி முறையை ஓட்டுகிறேன். சப்போர்ட்டை (மொத்த பில்களில் அந்தப் பொருள்கள் இருக்கவேண்டிய குறைந்தபட்சப் பங்கு) 0.001 வைத்தால் 16 ஜிபி ராம் போதாமல் நின்றுவிடுகிறது. 0.02 வைத்தால் ஓடுகிறது, ஆனால் எதை வாங்கினாலும் பால் என்றே விதிகள் வருகின்றன. விதிகளை விற்பனை கணிக்கும் மாடலுக்கு உள்ளீடாகத் தரவேண்டும்.

பதில் 1:
0.001 என்றால் 40 பில்லில் இருந்தாலே தேறிவிடும். 900 பொருள் தேறினால் ஜோடிகளே 4,04,550. அவற்றை 40,000 பில்லோடும் ஒரே வீச்சில் ஒப்பிடுவதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் வைத்தாலும் 16 ஜிபி போய்விடும். அதே லைப்ரரியில் எஃப்பி-குரோத் இருக்கிறது. பில்களை மரமாகச் சுருக்கி எண்ணும். விடை மாறாது.

அதற்கு முன் பொருள் பட்டியலைச் சரிசெய்யுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான். துவரம் பருப்பு அரை கிலோ, ஒரு கிலோ, பிராண்டுக்கு ஒரு கோட் எண் என்று பிரிந்திருந்தால் சப்போர்ட் சிதறிவிடும். ஒன்றாக்குங்கள். கேரி பேக், ரத்தான பில் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒற்றைப் பொருள் பில்லை மட்டும் நீக்கவேண்டாம். மொத்த எண்ணிக்கை குறைந்து லிஃப்ட் (இரண்டு பொருள் சேர்ந்து வருவது, தற்செயலாக எதிர்பார்ப்பதைப் போல் எத்தனை மடங்கு) தவறாகிவிடும்.

பதில் 2:
பால் விஷயம்: கான்ஃபிடன்ஸை (ஒரு பொருள் இருக்கிற பில்கள்ல எத்தனை சதவீதத்துல மற்றதும் இருக்கு) மட்டும் பார்க்கறீங்கன்னு நினைக்கிறேன். உதாரணத்துக்கு, பால் 26,000 பில்லில், அதாவது 65%. ரவை 2,000 பில், அதில் பாலும் இருப்பது 1,240. கான்ஃபிடன்ஸ் 62%, ஆனா லிஃப்ட் 0.95. ரவை வாங்கறவங்க பாலைக் கொஞ்சம் குறைவாத்தான் வாங்கறாங்க! இட்லி அரிசி 2,400 பில், உளுந்து 3,200, ரெண்டும் சேர்ந்து 1,500ன்னா கான்ஃபிடன்ஸ் 62.5%, லிஃப்ட் 7.8. இதுதான் வேண்டிய விதி.

கேள்வி கேட்டவர்:
நன்றி, எஃப்பி-குரோத் ஓடிவிட்டது. பச்சரிசி, வெல்லம், முந்திரிக்கு லிஃப்ட் மிக அதிகம். நம்பலாமா?

பதில் 3:
அந்த பில்களை வாரவாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை ஜனவரி நடுவில் குவிந்திருந்தால் அது பொங்கல் விதி, ஜூலைக்கு உதவாது. மாடலுக்குத் தரும்போது, பயிற்சிக் காலத்து (மாடல் கற்கும் மாதங்களின்) பில்களிலிருந்து மட்டுமே விதிகளை எடுங்கள். சோதனைக் காலத்தையும் (மாடலைச் சரிபார்க்க ஒதுக்கிய மாதங்கள்) சேர்த்து எடுத்தால் விடை முன்கூட்டியே கசிந்து, துல்லியம் பொய்யாக உயரும். ஆனால் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பயிற்சி என்றால் அதில் பொங்கலே கிடையாது. கடைக்காரரிடம் முந்தைய வருட பில்களையும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பண்டிகை வாரங்களைக் கையால் குறித்து, தனி உள்ளீடாகக் கொடுங்கள்.