மேடை நாடகத்துக்கு ஆடிஷன் எங்கே நடக்குது? திருநெல்வேலியில இருந்து எப்படித் தொடங்குறது?

பொருநைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 23. பி.காம். முடிச்சிட்டு திருநெல்வேலியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கேன். கல்லூரியில மூணு நாடகம் நடிச்சிருக்கேன். சினிமா, சீரியல் வேண்டாம், மேடையிலதான் நடிக்கணும். ஆறு மாசமா இன்ஸ்டாகிராம்ல "ஆடிஷன்"னு தேடுதேன். வர்றதெல்லாம் குறும்படமும் விளம்பரப் படமுமா இருக்கு.

நாடகக் குழுக்கள் ஆள் எப்படி எடுக்காங்க? எடுக்கும்போது என்ன செஞ்சு காட்டச் சொல்வாங்க? வேலையை விட்டுட்டு சென்னைக்குத்தான் போகணுமா? இதுல வருமானம்னு ஒண்ணு உண்டா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.


விங்ஓரம்:

நாடகத்துக்கு அறிவிப்பு கண்ணுல படலைன்னா ஆச்சரியமில்லை. தமிழ் நாடகத்துல அறிவிப்புப் போட்டு ஆள் எடுக்கிறது ரொம்பக் குறைவு. நாடகத்தை இயக்குற நெறியாளருக்கு எட்டுப் பேர் வேணும்னா குழுவுக்குள்ளேயே அஞ்சு பேர் இருப்பாங்க. மிச்ச மூணு இடத்துக்கு முதல்ல ஞாபகம் வர்றவங்க, அவர் நடத்தின பட்டறைக்கு வந்தவங்களும் போன நாடகத்துல பின்னாடி வேலை செஞ்சவங்களும்தான். அதுக்கப்புறமும் ஆள் தேறலைன்னாதான் வெளியே சொல்வாங்க. அப்பவும் குழுவோட சொந்தப் பக்கத்துல ஒரு படம், ரெண்டு வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி, அவ்வளவுதான். அதனால "ஆடிஷன்"ங்கிற சொல்லை விட்டுட்டு "நடிப்புப் பயிற்சிப் பட்டறை"ன்னு தேடுங்க. குழுக்களோட பக்கங்களை ஒவ்வொண்ணா பின்தொடருங்க. அவங்க நாடகம் போடுற அன்னைக்கு டிக்கெட் வாங்கிப் பாருங்க. முடிஞ்சதும் நெறியாளர்கிட்ட நேர்ல பேசுங்க. "வாய்ப்புக் குடுங்க"ன்னு கேக்காதீங்க. "அடுத்த ஒத்திகைக்கு வந்து உக்காரலாமா, பின்னாடி என்ன வேலைன்னாலும் செய்றேன்"னு கேளுங்க. இதுக்கு மறுப்புச் சொல்ற குழு அபூர்வம், ஏன்னா எந்தக் குழுவுலயும் பின்னாடி ஆள் போதாது.

அப்படிப் போனா கேட்டு வாங்க வேண்டிய வேலை ப்ராம்ப்டர் வேலை. எல்லா ஒத்திகையிலயும் ஸ்கிரிப்டைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்து, வசனம் மறந்தவங்களுக்கு எடுத்துக் குடுக்கணும். யாராவது வரலைன்னா அவங்க இடத்துல நின்னு ப்ராக்ஸி படிக்கிறதும் உங்க பொறுப்பு. ஒரு மாச ஒத்திகைக்குள்ள முழு நாடகமும் வாயில வந்துரும், யார் எங்க நிக்கிறாங்கன்னு பிளாக்கிங்கும் மனசுல பதிஞ்சுரும். வேலைக்குப் போய்க்கிட்டே நடிக்கிறவங்கதான் அதிகம்ங்கிறதால கடைசி நேரத்துல ஒருத்தர் கழண்டுக்கிறது அடிக்கடி நடக்கும். அப்போ வசனமும் இடமும் தெரிஞ்ச ஒரே வெளியாள் ப்ராம்ப்டர்தான். செட், ப்ராப்பர்ட்டி, லைட் எல்லாமே மதிப்பான வேலைதான், ஆனா நடிக்கணும்னு வர்றவங்களுக்கு ப்ராம்ப்டர் நாற்காலியைவிட மேடைக்குக் கிட்டத்துல வேற இடம் கிடையாது.

சென்னைக்கு உடனே போக வேண்டியதில்லை. கோவில்பட்டியை மையமா வெச்சு முருகபூபதி நடத்துற மணல்மகுடி உங்களுக்குப் பக்கம். உடம்பையும் ஒலியையும் ரொம்பக் கேக்கிற நாடகம் அது. முதல்ல ஒரு நிகழ்வைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சென்னையில நவீன நாடகத்துக்குக் கூத்துப்பட்டறை. ந. முத்துசாமி 1977ல தொடங்கினது. தெருக்கூத்துப் பயிற்சியை நவீன நடிகருக்குக் கொண்டுவந்த இடம். பெண்கள் சார்ந்த நாடகம்னா அ. மங்கையோட மரப்பாச்சி, வீதி நாடகம்னா பிரளயனோட சென்னைக் கலைக்குழு. ஒவ்வொண்ணுக்கும் நடிப்புமுறை வேற, அரசியல் வேற. எது உங்களுக்கு ஒத்துவரும்னு பாத்தாதான் தெரியும்.

சபா நாடகம், அதாவது சென்னையில கச்சேரியும் நாடகமும் நடத்துற சபாக்கள்ல போடுற நாடகம், தனி உலகம். குழுவுல பெரும்பாலும் வங்கியிலயும் கம்பெனியிலயும் வேலை பாக்கிறவங்க. ஒத்திகை சாயங்காலம், இல்லைன்னா ஞாயித்துக்கிழமை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துற கோடை நாடக விழாவுக்குப் புது நாடகம் தயாராகும். அதனால பொங்கல் முடிஞ்ச கையோட குழுக்களைத் தொடர்பு கொள்றதுதான் சரியான சமயம். ஏப்ரல்ல கேட்டா பாத்திரம் எல்லாம் நிரம்பியிருக்கும். இங்கே பெண் நடிகர்களுக்குத் தட்டுப்பாடு எப்பவும் உண்டு, அது உங்களுக்குச் சாதகம்.

பணம் விஷயத்துல ஒண்ணு மட்டும். பட்டறைக்குக் கட்டணம் வாங்குறது நியாயம், கத்துக்குடுக்கிறாங்க. பாத்திரத்துக்காக "பதிவுக் கட்டணம்", "போட்டோ ஆல்பம் எடுக்கணும்", "சங்க அட்டை வாங்கித் தர்றோம்"னு யார் கேட்டாலும் அந்த எண்ணைத் தடை பண்ணிட்டு அடுத்த வேலையைப் பாருங்க. நாடகக் குழு எதுவும் அப்படிக் கேக்காது.


கட்டைசுருதி:

விங்ஓரம் சொன்னதுல தெக்கத்திப் பக்கத்து இசை நாடகம் விட்டுப்போச்சு. தங்கச்சி, ஒங்களுக்குப் பாட்டு வருமா? வரும்னா மதுரையை மறந்துறாதீங்க. நடிச்சுச் சம்பளம் வாங்கிச் சாப்பிடுறவங்க இன்னைக்கும் இருக்கிற மேடை, பழைய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த ஸ்பெஷல் நாடகம்.

இதுல குழுன்னே ஒண்ணு இல்ல. ஊர்க்காரங்க திருவிழாவுக்கு ராஜபார்ட் (நாயகன் வேசம்) ஒருத்தர், ஸ்திரீபார்ட் (நாயகி வேசம்) ஒருத்தர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (மத்த தாள வாத்தியம்)னு தனித்தனியாத் தேதி வாங்குவாங்க. ஒத்திகையும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் ஓடும். எதுத்தாப்புல வேடன் வேசத்துல நிக்கிறவரை அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாப்பீங்க, ஆனா வள்ளி திருமணம் நாடகத்துல வள்ளியும் வேடனும் பாட்டாவும் பேச்சாவும் வாதாடுற தர்க்கம் ரெண்டு பேருக்கும் மனப்பாடமா இருக்கணும். பாட்டு மட்டுமில்ல, அவர் புதுசா ஒரு கேள்வி போட்டா அதே இடத்துல பதில் சொல்லணும். புதுசா வர்றவங்க தடுமாறுறது இங்கதான். பாட்டைப் பாடம் பண்ணிருவாங்க, பதில் சொல்லத் தெரியாம நிப்பாங்க, கூட்டம் கண்டுபிடிச்சுரும்.

அடுத்து சுருதி. ஆணும் பொண்ணும் ஒரே ஆர்மோனியத்துக்குப் பாடணும். ஒங்க குரல் எத்தனை கட்டையில (கட்டைங்கிறது சுருதியோட அளவு) சிரமமில்லாம நிக்கும், எத்தனை வரைக்கும் ஏறும்னு தெரிஞ்சுக்கிட்டு, மேடை ஏறுறதுக்கு முன்னால ஆர்மோனியக்காரர்கிட்டச் சொல்லிரணும். சொல்லாம விட்டா எதுத்தாப்புல நிக்கிறவர் சுருதிக்கு இழுபட்டு மூணு மணிக்கெல்லாம் தொண்டை கட்டிரும். அடுத்தடுத்து தேதி இருக்கிற பங்குனி, சித்திரையில அது பெரிய நட்டம்.

நுழையிற வழின்னா, மதுரையில தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் இருக்கு. புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கமும் சங்கங்க இருக்கு. நேர்ல போயி, மூத்த ஸ்திரீபார்ட் ஒருத்தங்ககிட்டப் பாடம் கேக்கணும்னு சொல்லுங்க. ஊர்ல ஒட்டுற நாடக நோட்டீஸ்ல நடிகர் போட்டோவும் ஊரும் போட்டிருக்கும். யாரு எங்க இருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சுரும். உடுப்பும் மேக்கப்பும் நம்ம செலவு, அதையும் கணக்குல வெச்சுக்கங்க. மழைக்காலத்துல தேதி அவ்வளவா இருக்காது. சீசன்ல வர்ற காசை வருசத்துக்குப் பிரிச்சுச் செலவு பண்றவங்கதான் நிம்மதியா இருக்காங்க.


செங்காந்தள்:

என்ன செஞ்சு காட்டச் சொல்வாங்கன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. நவீன நாடகக் குழுக்கள்ல பெரும்பாலும் மூணு விஷயம் பார்ப்பாங்க: நீங்க தயார் பண்ணிட்டு வர்ற தனிநடிப்பு, கையில குடுக்கிற தாளைப் பாத்துப் படிக்கிறது, கூட வந்தவங்களோட சேர்ந்து உடல் பயிற்சி.

தனிநடிப்புக்கு ரெண்டு நிமிஷம் போதும். தாள்ல எழுதினா ஏறக்குறைய 180 வார்த்தை. அதுக்கு மேல எழுதினா நிறுத்தம் இல்லாம ஓட்டுவீங்க. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட ஏதோ ஒண்ணைக் கேட்டு மன்றாடுற, மறைக்கிற, மிரட்டுற கட்டமா எடுங்க. பழைய நினைவைச் சொல்லி அழுற கட்டம் வேண்டாம். அதுல நடிகருக்குச் செய்ய ஒண்ணுமில்லை, அழுகை மட்டும்தான் மிஞ்சும். சினிமா நீதிமன்ற வசனத்தை எடுக்கவே எடுக்காதீங்க. கேக்கிறவங்க காதுல முதல்ல நடிச்சவர் குரல்தான் கேக்கும், உங்க குரல் கேக்காது. நீங்க பேசுற ஆளைப் பார்வையாளர் தலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக்கோங்க. எதிரே உக்காந்திருக்கிறவங்க கண்ணையே பாத்துப் பேசினா அவங்க பாத்திரமாகிடுவாங்க, குறிப்பு எழுதக்கூடக் குனிய முடியாது.

முடிஞ்சதும் நெறியாளர், "இதையே ஒரு நோயாளி தூங்கிட்டிருக்கிற அறையில சொல்ற மாதிரி பண்ணுங்க"ம்பார். உண்மையான தேர்வு இதுதான். முதல்ல செஞ்சது நல்லாயில்லைன்னு அர்த்தமில்லை. சொன்னதை வாங்கி மாத்திக்கத் தெரியுதான்னு பார்க்கிறார். வீட்டுல ஒரே விதமா நூறு தடவை பழகினவங்க இங்கே சத்தத்தை மட்டும் குறைப்பாங்க, உடம்பு பழையபடியே இருக்கும். அதனால பழகும்போதே மூணு வேற சூழ்நிலையில பழகுங்க: துணி துவைச்சுக்கிட்டே, பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டே, பக்கத்துல யாரோ தூங்கும்போது.

தாள் படிக்கிறதுக்குத் தினம் பத்து நிமிஷம் பயிற்சி வேணும். முன்னப்பின்ன பாக்காத ஒரு பக்கத்தை எடுத்து, வரியோட கடைசி மூணு நாலு வார்த்தையைக் கண்ணுல வாங்கிட்டு, தலையை நிமிர்த்தி எதிரே இருக்கிற சுவத்துக்குச் சொல்லணும். தாளை நெஞ்சு உயரத்துல ஒரு கையில பிடிங்க, முகத்தை மறைக்க வேண்டாம். அடுத்தவர் பேசும்போது உங்க அடுத்த வரியைத் தேடாம அவரைக் கேளுங்க. கேக்கிறது வெளியே தெரியும்.

காலையில வெறும் தொண்டையில கத்திப் பழகாதீங்க. பத்து நிமிஷம் வாயை மூடி ம்ம்ம்னு ஹம்மிங், அப்புறம் நாக்கு, தாடைப் பயிற்சி, அதுக்கப்புறம் வசனம். ஒரு மைதானத்துல தோழியை 20 மீட்டர் தள்ளி நிறுத்தி, கத்தாம ஒவ்வொரு சொல்லும் கேக்குதான்னு சோதிங்க. பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசிச் சொல்தான் காணாமப் போகும். தமிழ்ல வினை கடைசியில வர்றதால அது போனா வாக்கியமே போச்சு. மைக் இருக்கேன்னு விட்டுடாதீங்க. சபா மேடையில தொங்கும் மைக் இருந்தா எல்லாரும் அதுக்குக் கீழே கூடி நின்னு நாடகத்தையே கெடுத்துடுவாங்க.

போகும்போது பருத்தி பேன்ட், உடம்பு அசையிற மேல்சட்டை, முடியை முகத்துல விழாம கட்டிக்கோங்க. உடல் பயிற்சி வெறுங்காலோட. ஒரு பக்கத் தாள்ல உயரம், தெரிஞ்ச மொழிகள், பாட்டு, சிலம்பம், பறை மாதிரி ஏதாவது தெரிஞ்சா அது, நடிச்ச மூணு நாடகம், எந்த வருஷம், எந்தப் பாத்திரம். படம் ரெண்டு: முகம் ஒண்ணு, முழு உருவம் ஒண்ணு. ஃபில்டர் போட்ட படம் அனுப்பாதீங்க, நேர்ல போகும்போது வேற ஆளா இருப்பீங்க.

இன்னொண்ணு, பொண்ணா இருக்கிறதால அவசியம் சொல்லணும். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், திரும்பிப் போக யார் கூட வருவாங்க, தொடற காட்சி இருக்கான்னு பாத்திரத்தை ஏத்துக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. கேட்டதுக்காக முகம் சுளிக்கிற குழுவுல சேர வேண்டாம். முதல் சந்திப்பு தனி வீட்டுல, ராத்திரியிலன்னா போகாதீங்க. 2013ல வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடத்துல புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும். அதைவிடச் சின்ன நாடகக் குழுன்னா மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் புகார் குடுக்கலாம். சம்பவம் நடந்த மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்ங்கிறதை நினைவுல வெச்சுக்கோங்க.


பொருநைக்காரி:

ரொம்ப நன்றி, இவ்வளவு யாரும் சொன்னதில்லை. இன்னும் ரெண்டு கேள்வி. டெல்லி என்.எஸ்.டி.க்கு (தேசிய நாடகப் பள்ளி) இப்பவே விண்ணப்பிக்கலாமா? என் பேச்சுல நெல்லை வாடை போகவே மாட்டேங்கு. அதை மாத்தணுமா?


விங்ஓரம்:

தேசிய நாடகப் பள்ளிக்கு அவசரப்படாதீங்க. மூணு வருஷப் படிப்பு அது. பட்டம், குறைஞ்சது ஆறு நாடகத் தயாரிப்புகள்ல பங்கெடுத்ததுக்கான சான்று, இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு, இதெல்லாம் கேப்பாங்க. முதல் தேர்வுல தேறினா டெல்லியில சில நாள் பட்டறை வெச்சுத்தான் இறுதியா எடுப்பாங்க. உங்ககிட்ட இருக்கிறது மூணு நாடகம். இன்னும் மூணு செய்யுங்க. ஒவ்வொண்ணுக்கும் அழைப்பிதழ், பேர் அச்சான துண்டறிக்கை, நெறியாளர் கையெழுத்துப் போட்ட கடிதம்னு ஒரு கோப்புல சேர்த்து வைங்க. நாடகம் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சுக் கடிதம் கேட்டு அலையிறவங்கதான் அதிகம். வயசு வரம்பும் உண்டு, அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாத்துக்கோங்க. டெல்லிக்குப் போகாமலே ஆழமாப் படிக்கணும்னா புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல நாடகத்துல ரெண்டு வருஷ முதுகலை இருக்கு, உங்க பி.காம். தடையில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயும் நாடகத்துறை உண்டு.

வேலையை இப்ப விடாதீங்க. நவீன நாடகத்துல நடிப்பை மட்டும் வெச்சு வாடகை கட்ட முடியாது. முழுநேரமா இருக்கிறவங்க பள்ளிகள்ல நாடகப் பயிற்சி, அரசுத் துறைகளுக்கு விழிப்புணர்வு நாடகம், டப்பிங், கம்பெனிகளுக்குப் பட்டறைன்னு நாலைஞ்சு இடத்துல இருந்து சேர்க்கிறாங்க. முதல் ரெண்டு நாடகம் முடியிற வரைக்கும் மாசச் சம்பளம் கையில இருந்தா, பிடிக்காத பாத்திரத்தை வேண்டாம்னு சொல்லலாம். ஆடிட்டர் ஆபீஸ்ல செப்டம்பர், அக்டோபர் ஓய்வே இருக்காது. அந்த மாசங்கள்ல மேடை ஏற ஒத்துக்கிட்டு ஒத்திகைக்குப் போகாம இருந்துடாதீங்க. குழுக்களுக்குள்ள அந்தப் பேர் சீக்கிரம் பரவும்.


செங்காந்தள்:

நெல்லைப் பேச்சை மாத்தாதீங்க. அது கூட இன்னொண்ணு சேத்துக்கோங்க. உங்க ரெண்டு நிமிஷத்தை நெல்லைப் பேச்சுலயே செய்யுங்க. மூச்சு எங்க விழணும்னு உடம்புக்குத் தெரிஞ்ச தமிழ் அதுதான். தாள் படிக்கும்போது மட்டும் எழுத்துல இருக்கிறபடி படிங்க. ல, ள, ழ மூணும், ன, ண ரெண்டும் பிரிஞ்சு கேக்கணும். தினம் ஒரு பக்கம் செய்தித்தாளைச் சத்தமாப் படிச்சுப் பதிவு பண்ணிக் கேளுங்க, எது வழுக்குதுன்னு ஒரு வாரத்துல பிடிபடும். "உங்க ஊர்ப் பேச்சுல சொல்லுங்க"ன்னு அங்கேயே கேக்கிற நெறியாளர்களும் உண்டு. அப்போ தயங்காம ஆரம்பிச்சுடுங்க.