பதில்: ‘கோணல் உறுப்பு’ வேண்டாம், ‘ஒளிமடை’ என்போமா?

அன்பு நண்பர்களுக்கு, கிளிநொச்சியிலிருந்து வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்தக் கலைச்சொல் இழையை நேற்று இரவுதான் முழுதாக வாசித்து முடித்தேன். திரவப் பளிங்கால் (liquid crystal) ஆன ஒரு மெல்லிய படலம், தன்மேல் விழும் ஒளியை நாம் கேட்ட திசைக்கு அனுப்பி வைக்கிறது. அதற்கு என்ன பெயர் என்பதுதான் கேள்வி. வந்தவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

> ‘விளிம்பு விளைவு உறுப்பு’ என்றே வைப்போம். தமிழகப் பாடநூலில் உள்ள சொல்தானே.

ஐயா, ஒளி வளைந்து பரவுவதற்கு (diffraction) அது பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படலத்தில் விளிம்பே இல்லை. துளை, பிளவு, கீறல் எதுவும் கிடையாது; கண்ணாடியில் பூசிய வார்னிஷ் மாதிரி வழுவழுவென்று இருக்கும். உள்ளே கிடக்கும் கோல்வடிவ மூலக்கூறுகள், ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்குப் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை திரும்பிக் கிடக்கின்றன. அந்தத் திருப்பம்தான் ஒளியின் அவத்தையை (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் கட்டம்) இடத்துக்கு இடம் மாற்றுகிறது. முனைவாக்கம் (polarization, ஒளியலை அதிரும் விதம்) மாறி வரும் ஒளிக்குக் கூடுதலாக ஓர் அவத்தை வந்து சேரும் என்பதை இயற்பியலாளர் எஸ். பஞ்சரத்தினம் 1956இல், தமது 22ஆவது வயதில், பெங்களூரில் இருந்தபடி எழுதினார். அதே அவத்தைதான் இங்கே வேலை செய்கிறது. விளிம்பைத் தேடிப்போகும் பிள்ளைக்கு இதில் ஒன்றும் அகப்படாது. இந்த இடத்தில், அதே diffraction-க்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘கோணல்’ என்ற சொல்லே பொருந்துகிறது.

> அப்படியானால் ‘கோணல் உறுப்பு’. சுருக்கம், தெளிவு.

இதற்கு என்னால் உடன்பட முடியாது. எங்கள் ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்பவர் போரில் ஒரு காலை இழந்தவர். அவர் நிற்கிற அறையில், பிள்ளைகளுக்கு முன்னால், ‘கோணல் உறுப்பு’ என்று கரும்பலகையில் எழுத எனக்குக் கை வராது. வன்னியில் இப்படிப்பட்டவர் இல்லாத ஊர் இல்லை. சொல்லின் இலக்கணம் சரியாக இருக்கலாம்; கேட்பவர் காதில் அது எப்படி விழும் என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஒளியியல் மூலகம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கு மூலகம் என்றால் ஐதரசன், ஒட்சிசன். அதையும் விட்டுவிடலாம்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? அந்த ஆய்வுகூடக்காரரிடமே படம் கீறிக் காட்டினேன். இடஞ்சுழியாக முனைவாக்கப்பட்ட ஒளி, அதாவது அதிரும் திசை இடப்பக்கமாகச் சுழன்று வரும் ஒளி, ஒரு பக்கம் போகும், வலஞ்சுழி மற்றப் பக்கம் போகும், இரண்டும் கலந்து வந்தால் பாதி பாதியாகப் பிரியும் என்றேன். அவருக்கு இரணைமடுக் குளத்தின் கீழே இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. குளத்து நீரைத் திறந்துவிடும் மதகை எங்கள் பக்கம் துருசு என்போம். “சேர், உது துருசு மாதிரித்தானே? இடதுகரை வாய்க்காலுக்கு ஒண்டு, வலதுகரைக்கு ஒண்டு” என்றார். பிறகு, “நேரே ஒழுகிப் போறது எவ்வளவு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தத் துறையின் முழு வேலையும். படலத்தின் இரட்டைமுறிவு அளவை (birefringence, ஒளி அதிரும் திசைக்கேற்ப முறிவுச் சுட்டி வேறுபடும் அளவு) தடிப்பால் பெருக்கினால் அலைநீளத்தின் சரிபாதி வரவேண்டும். வந்தால், கணக்குப்படி இப்படிச் சுழன்று வரும் வட்டமுனைவாக்க ஒளி முழுவதும் வேண்டிய திசைக்குப் போய்விடும். தடிப்பு பத்தில் ஒரு பங்கு பிசகினால் 2.4 சதவீதம் திரும்பாமல் நேரே ஒழுகும். 550 நனோமீற்றர் பச்சை ஒளிக்கு, இரட்டைமுறிவு 0.15 என்றால் படலம் 1.8 மைக்கிரோமீற்றர் தடிப்பாக வேண்டும், 0.3 என்றால் அதில் பாதி போதும். மெல்லிய படலத்தில் மூலக்கூறுகளை ஒழுங்காகக் கிடத்துவது சுலபம். ஆகவே வேதியியல்காரர் பென்சீன் வளையங்களையும் மும்மைப் பிணைப்புகளையும் நீளமாகக் கோத்து இரட்டைமுறிவை உயர்த்தப் பார்க்கிறார்கள். ஆனால் கோவை நீள நீள மூலக்கூறு ஊதாக்கடந்த (புற ஊதா) ஒளியையும் நீலத்தையும் உறிஞ்சத் தொடங்குகிறது. படலம் மஞ்சளாகிறது, நாளடைவில் சிதைகிறது. கூடுதலாகத் திருப்பினால் கெதியில் கெடும், நெடுநாள் இருந்தால் குறைவாகத் திருப்பும் என்ற இழுபறிக்கு நடுவில்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வெப்பமும் ஒரு பிரச்சினை. ஒரு பங்குனி மதியம் என் கல்குலேற்றரை மோட்டார் சைக்கிள் இருக்கையில் மறந்து வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது திரை முழுக்கக் கறுத்திருந்தது, ஓர் எண்கூடத் தெரியவில்லை. நிழலில் வைத்து ஆறவிட்டதும் எண்கள் ஒவ்வொன்றாக வெளித்தன. அந்தத் திரையும் திரவப் பளிங்குதான்; சூட்டில் அதன் மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்து வெறும் திரவமாகிவிட்டது. ஆறியதும் மீண்டும் ஒழுங்குக்கு வந்தது. நாம் பேசும் படலத்தில் அப்படிக் குலைய விடமாட்டார்கள். மூலக்கூறுகளை அடுக்கியபின் ஊதாக்கடந்த ஒளி பாய்ச்சி ஒன்றோடொன்று பிணைத்துப் பல்பகுதியமாக்கிவிடுவார்கள் (polymer). கலைச்சொல் விளக்கத்தில் இந்த வேறுபாடு கட்டாயம் வரவேண்டும் என்பது என் கருத்து.

பெயருக்கு வருகிறேன். ‘ஒளித்துருசு’ என்று எழுத ஆசைதான். ஆனால் தமிழகத்தில் துருசு என்றால் மயில்துத்தம். மடை என்றால் இரு கரையிலும் விளங்கும். ஆகவே என் முன்மொழிவு ‘ஒளிமடை’. திசை திருப்பாமல் நேரே கடப்பதற்கு ‘ஒழுக்கு’ என்றே சொல்லலாம். திரும்பாத ஒளியைப் பூச்சியவரிசை (zero order) என்பதால், ‘பூச்சியவரிசை ஒழுக்கு’ என்று எழுதினால் எந்த உயர்தர மாணவருக்கும் புரியும். திறன் என்பது எவ்வளவு மடை மாறியது என்ற கணக்கு.

> மடை நீரை மறிப்பதல்லவா? இது ஒன்றையும் மறிக்கவில்லையே.

மறிப்பது மடைப்பலகை. மடை என்பது நீர் பாயும் வழி. எந்த வயலுக்குப் பாயவேண்டும் என்று அங்கேதான் திருப்புகிறோம். கோயிலில் பரவும் படையலுக்கும் எங்கள் பக்கம் மடை என்று பெயர் உண்டு. ‘ஒளி’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

‘கோணல் நெய்யரி’ (grating), ‘கோணல் வில்லை’ (lens) ஆகியவை தனித்தனி வகைகளின் பெயர்களாக அப்படியே இருக்கட்டும். ஒளிமடை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். மூலக்கூறுகளை ஒளியால் அடுக்குவதை ‘ஒளிநிரைப்பு’ என்று நேற்று ஒரு தங்கை எழுதியிருந்தார். மிக நல்ல சொல், அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

வருகிற செவ்வாய் உயர்தர வகுப்பில் இந்தப் பாடத்தை ஒரு மேலதிக மணித்தியாலம் எடுக்கிறேன். கைப்பிரதியில் ஒளிமடை என்றே அச்சடிக்க எண்ணம். மறுப்பு இருந்தால் திங்கள் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.