போக்கிமான் எமரால்டு கேம் கேசட்டுக்கு பேட்டரி மாத்தத் தெரிஞ்சவங்க கிருஷ்ணகிரி பக்கம் யாராவது?

வணக்கம். காவேரிப்பட்டணத்துல மாங்கா மண்டி வெச்சிருக்கேன், வயசு 41. சீசன் முடிஞ்சு சும்மா உக்காந்திருந்தப்ப அக்கா பையனோட பழைய கேம்பாய் அட்வான்ஸ்னு ஒரு வீடியோ கேம் மெஷின் கைல சிக்குச்சு. உள்ள போக்கிமான் எமரால்டு. சின்னப் பசங்க விளையாட்டுன்னு நெனச்சேன். இப்போ மண்டி கணக்கு நோட்டுக்குப் பின்பக்கம் பூரா அதோட கணக்குதான்!

ஜெயிக்கிற ஒவ்வொரு சண்டையும் கண்ணுக்குத் தெரியாத புள்ளியா சேருதாம். போச்சியெனாங்கற போக்கிமான அடிச்சா நம்ம போக்கிமானுக்கு அட்டாக்ல 1, ஜியோடூட்டுங்கறத அடிச்சா டிஃபென்ஸ்ல 1. ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510தான், அதுக்கு மேல ஏறாது. அது தெரியாம கொகைக்குள்ள நின்னு ஜியோடூட்டா அடிச்சுத் தள்ளி நான் வளக்கற பிளேசிகனோட (நெருப்பு, சண்டை ரெண்டு வகையும் சேந்த போக்கிமான்) டிஃபென்ஸ்ல கொண்டுபோய் கொட்டிட்டேன்.

கேம்ல வர்ற குவாலட் பெர்ரிங்கற பழத்தக் குடுத்தா டிஃபென்ஸ்ல தடவைக்கு 10 புள்ளி இறங்குமாம். ஆனா நட்ட செடி முளைக்கவே மாட்டேங்குது. ஆன் பண்ணா உள் பேட்டரி தீந்துபோச்சு, கடிகாரம் சம்பந்தப்பட்டது நடக்காதுன்னு வருது. சேவ் மட்டும் பத்திரமா இருக்கு.

பேட்டரிய பலகையோட பத்தவெச்சிருக்காங்க. கிருஷ்ணகிரில ஒரு செல்போன் கடைல காட்டுனா, பொம்மையெல்லாம் பாக்கறதில்லண்ணான்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. ஓசூர், தர்மபுரி எங்கன்னாலும் வந்துடுவேன்.

இன்னொண்ணு: என் பிளேசிகனுக்கு அடமன்ட்டுங்கற குணம். அட்டாக் கூடி ஸ்பெஷல் அட்டாக் கொறையும். இந்த கேம்ல நெருப்பு அடி எல்லாமே ஸ்பெஷல் கணக்கு. அப்ப ஃபிளேம்த்ரோவர்ங்கற நெருப்பு அடிய நீக்கிட்டு, அட்டாக் கணக்குல வர்ற சண்டை வகை அடியே வெச்சுக்கவா? பையன்கிட்ட கேட்டா மாமாவுக்கு வேற வேலையே இல்லங்கறான்.